டிக்கட் இல்லாத கடல்

புது மாப்பிள்ளைக்கு உலகத்திலேயே கடினமான வேலை, மாமனாரோடு தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருப்பதுதான். எங்கள் கிழக்கிலங்கைப் பகுதியில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நான் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறி வசதியாக உட்காருவதற்குள் இறங்கிவிடலாம், அவ்வளவு கிட்ட. ஆனால் மாமாவுக்கும் எனக்கும் இடையில் கிடந்த தூரத்துக்கு விமானம்தான் பிடிக்க வேண்டியிருந்தது. (உண்மையாகவே பிடித்தோம். அதைத்தான் சொல்லப்போகிறேன்.)

மாமா கல்முனை பஸாரில் இரும்புக்கடை வைத்திருந்தவர். ஆணி, கம்பி, சீமெந்து. பேச்சும் அவர் விற்ற சாமான்களைப் போலத்தான், கனமாகவும் அளவாகவும் இருக்கும். கலியாணமான முதல் வருஷம் முழுக்க அவர் என்னிடம் கதைத்தது இரண்டே வசனம். பகலில் "சாப்பிட்டீங்களா மருமகன்?" இரவில் "கேற்றப் பூட்டினீங்களா மருமகன்?" நான் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவன். எரிமலையைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்க மூச்சு விடாமல் கதைப்பேன். மாமாவுக்கு முன்னால் மட்டும் "ஓம் மாமா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

அப்போதுதான் என் மனைவி ஷிபானாவின் காக்கா (அண்ணன்) நௌஷாட், தான் வேலை செய்யும் வளைகுடா நாட்டுக்கு எங்கள் நான்கு பேரையும் (மாமா, மாமி, ஷிபானா, நான்) விசிட் விசாவில் கூப்பிட்டார். ஷிபானாவின் தங்கை மட்டும் பரீட்சைக்காகச் சொந்தக்காரர் வீட்டில் நின்றுவிட்டாள். அங்கே கடலோரத்தில் பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்தது. ஹோட்டல்கள், ஏரி, மலை, தெருக்கள் எல்லாம் சேர்ந்து அது ஒரு தனி ஊர். சுழல்கிற, தலைகீழாகத் தொங்குகிற விளையாட்டுகளுக்குள் போக டிக்கட் வேண்டும். சுற்றிவர உள்ள தெருக்களும் ஏரியும் சும்மா. நௌஷாட் மச்சான் டிக்கட் எடுக்கப் போனபோது நான் நெஞ்சை நிமிர்த்தித் தடுத்தேன்.

"வேணாம் மச்சான். வெளியில சும்மா பாக்கிறதுக்கே ஒரு நாள் காணாது. எல்லாம் எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும்? அந்தப் பூங்காவில் ஒளித்து வைத்திருக்கும் நுணுக்கங்களைப் பற்றி யாரோ போட்ட வீடியோக்களை நான் ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்து பார்த்திருந்தேன். (பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் இன்றைக்கு நான் பேராசிரியர்.) மச்சான் எங்களை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மாமனாரின் மதிப்பைச் சம்பாதிக்க எனக்கு ஒரு பகல் கிடைத்தது.

உள்ளே கால் வைத்ததும் என் வீடியோ அறிவெல்லாம் ஒரு நிமிடம் வாயடைத்துப் போனது. கல்முனை பஸாரை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தாலும் பக்கத்தில் ஆட்டோ நிறுத்த இடம் மிஞ்சும். பாலைவன வெயிலில் பச்சைப் பசேலென்று மரங்கள். நடுவில் ஒரு மலை, மலையிலிருந்து அருவி. மாமி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு "சுப்ஹானல்லாஹ்" என்றார். அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் எத்தனை தரம் அதைச் சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

நான் வேலையை ஆரம்பித்தேன். அந்தப் பூங்காவின் சின்னம் ஓர் ஆமை. கட்டியவர்கள் கட்டைவிரல் அளவு ஆமைகளை எங்கெங்கோ மறைத்து வைத்திருந்தார்கள். விளக்குக் கம்பத்தின் அடியில் ஒன்று, நடைபாதைக் கல்லில் ஒன்று, கதவுப் பிடியின் உட்பக்கம் ஒன்று. நான் முதலாவதைக் காட்டினேன். அதன்பின் மாமி என்னை முந்திவிட்டார். அரிசியில் கல் பொறுக்கிய கண் அது. "இஞ்ச ஒண்டு கிடக்கு புள்ள! அங்க பாருகா, மற்றது!" என்று ஷிபானாவை இழுத்துக்கொண்டு ஓடினார்.

பூப்பாத்தியில் கிடந்த கற்கள் பாடின. கல்லுக்குள் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு நடக்கும்போது பாட்டு மாறியது. ஆனால் முதல் பாட்டு எந்த இடத்தில் முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று முன்னும் பின்னும் நடந்து பார்த்தும் என்னால் பிடிக்க முடியவில்லை. ஒரு சுவரிலிருந்து சுடச்சுடப் பாண் வாசம் வந்தது. அங்கே பேக்கரியே இல்லை. சுவரில் ஒரு சின்னத் துவாரம் இருந்தது, வாசத்தை மட்டும் ஊதுவதற்கு.

"மணம் சும்மா, பாண் காசாக்கும்" என்றார் மாமி. "வயித்துக்குள்ள என்னத்தையோ கிள்ளுறான்கா."

மாமா தொப்பி போட்டு, வெள்ளைச் சேட்டும் மருதமுனைச் சாறனும் உடுத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி ஒன்றும் பேசாமல் வந்தார். பெரிய ஆலமரம் ஒன்றுக்கு முன்னால் நின்றார். விரலை மடித்து மரத்தில் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"மரமில்ல மருமகன். கம்பி கட்டி, மேல சீமெந்து பூசி, ஈரம் காயிறத்துக்கு முன்னம் மரம் மாதிரிக் கீறிரிக்கான்" என்றவர், அண்ணாந்து பார்த்தார். "குருவி மட்டும் மெய்க் குருவி. அது கூடு கட்டிரிக்கி."

ஒரே மூச்சில் இவ்வளவு! எனக்குக் கண் கலங்காத குறை. அதற்குப் பிறகு மாமா வழியில் கண்ட ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். பாறை, தூண், படகு, பாலம். ஒரு காவலாளியின் சிலையைத் தட்டப் போனபோது அது சிரித்தது. சிலையல்ல, உண்மையான காவலாளி. (மாமா சலாம் சொல்லிச் சமாளித்தார்.)

இலவசப் படகில் ஏரியைக் கடந்து மறுகரையில் இறங்கினோம். அங்கேதான் அந்தக் கடல் இருந்தது.

செய்த கடல். வெள்ளை மணல், தென்னை, நீலத் தண்ணீர். தண்ணீருக்குள் இறங்கிக் குளிக்கிறவர்களுக்கு டிக்கட். கரையில் வாங்குகளில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. மாமியும் ஷிபானாவும் ஒரு நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார்கள். மாமா மட்டும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

காரணம் எனக்குத் தெரியும். மாமாவின் பழைய வீடு கடற்கரை வீதியில் இருந்தது. கடல் வந்த அந்தக் காலையில் வீடும் போனது, அவருடைய ராத்தாவும் (அக்கா) போனார். பிறகு வயல் பக்கமாக வீடு கட்டினார். அந்த வீட்டில் கடலைப் பார்த்தபடி ஒரு ஜன்னல்கூட இல்லை. ராத்தாவின் மையித்தை அடக்கிய நாளுக்குப் பிறகு மாமா கடற்கரை மணலை மிதிக்கவே இல்லை என்று ஷிபானா சொல்லியிருக்கிறாள். நானும் அன்றைக்குப் பாடசாலைப் பையனாக ஓடியவன்தான். அதன் பின்னும் யாராவது ஒருவர் "கடல் வருது" என்று கத்த, ஊர் முழுக்கப் பள்ளிவாசல் மேல்மாடிக்கு ஓடிய நாட்கள் பல.

ஆனால் நான் அன்றைக்கு வழிகாட்டி. காலையிலிருந்து வெற்றிமேல் வெற்றி. "மாமா, இது கடலில்ல. மோட்டர் போட்டு அடிக்கிற தண்ணி. நம்புங்க, வந்து இரிங்க" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். "மருமகன் சொன்னாச் சரி" என்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் பெருமையில் ஊதிக்கொண்டிருந்தபோது தண்ணீர் பின்னால் போனது. மெதுவாக, சத்தமில்லாமல், கரையை விட்டு உள்வாங்கி, ஈரத் தரை பளபளத்தது. வருஷா வருஷம் வகுப்பில் நான் கரும்பலகையில் கீறிக் காட்டுகிற அதே படம். 'கடல் உள்வாங்கினால் என்ன செய்ய வேண்டும்?' என்று நான் கேட்க, பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிற விடை என் காதுக்குள் கேட்டது. அந்த நேரம் பார்த்து சைரன் ஊதியது.

ஆமை தெரிந்த எனக்கு, பாடும் கல் தெரிந்த எனக்கு, பெரிய அலை விடுவதற்கு முன் அங்கே சைரன் ஊதுவார்கள் என்பது மட்டும் தெரியாது. எந்த வீடியோவிலும் அதைச் சொல்லவில்லை.

என் மூளை அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கால் எழும்பியது. "கடல் வருது! ஓடுங்க!" என்று கத்தியது என் வாய்தான். மாமாவை வாரித் தோளில் போட்டது என் கைகள்தான். (மாமா ஒன்றும் மெலிந்த ஆளில்லை. சாதாரண நாளில் அவருடைய பயணப் பெட்டியைத் தூக்கவே எனக்கு ஆள் துணை வேண்டும்.) பக்கத்திலேயே நின்ற அருவி மலையை நோக்கிப் பறந்தேன்.

"உடுங்க மருமகன்! உடுங்க! சாறன்... சாறன்!" என்று மாமா தோளில் தலைகீழாகத் தொங்கியபடி, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

என் குரலைக் கேட்டு ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் செருப்பை விட்டுவிட்டு ஓடியது. அவர்கள் ஓடுவதைப் பார்த்துத் தமிழே தெரியாத பலர் ஓடினார்கள். சிறுபிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஆமை, அதாவது ஆமை வேடம் போட்டிருந்த ஆள், பெரிய தலையைக் கையால் பிடித்துக்கொண்டு எங்களை முந்திக்கொண்டு போனது. இது பூங்காவின் நாடகம் என்று நினைத்தவர்கள் இரு பக்கமும் நின்று கைதட்டினார்கள்.

மலையின் பின்பக்கம் ஒரு சங்கிலி போட்ட படிக்கட்டு. சங்கிலியைத் தாண்டி ஏறினேன். உச்சிக்குக் கிட்ட மூச்சு நின்றபோதுதான் மாமாவை இறக்கித் திரும்பிப் பார்த்தேன்.

கீழே அலை எழுந்தது. கண்ணாடி மாதிரி நீலமாக, நீளமாக, ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஒரே உயரத்தில் வந்தது. அதற்குள் நின்றவர்கள் இரண்டு கையையும் தூக்கிச் சந்தோசத்தில் கூவினார்கள். அலை அவர்களின் இடுப்பைத் தூக்கித் தாலாட்டி, மணலில் ஏறி, அங்கே பதித்திருந்த நீலக்கல் வரிசைக்கு வந்ததும் நின்றது. ஒரு விரல்கூடத் தாண்டவில்லை. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது.

பாதுகாவலர் ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "ஸேர், எனி ப்ரொப்ளம்?" என்றார் மரியாதையாக. என்னுடைய ஆங்கிலம் முழுவதும் ஓடிப்போயிருந்தது. "நோ ப்ரொப்ளம் ஸேர். ஒன்லி சுனாமி" என்றேன்.

மாமா சாறனைச் சரியாக உடுத்தார். தொப்பியைத் தேடினார், அது இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, இனி வாழ்நாள் முழுக்க 'கேற்றப் பூட்டினீங்களா' என்பதும் கிடையாது என்று முடிவு கட்டினேன்.

"மருமகன்" என்றார் மாமா. "அது திரும்பவும் வருமா?"

பாதுகாவலரிடம் கேட்டேன். அரை மணிக்கொரு தரம் வருமாம்.

"அப்ப இரிங்க, பாப்பம்."

பாதுகாவலர் எங்கள் முகத்தைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, சங்கிலிக்கு வெளியே கீழ்ப்படியைக் காட்டி அங்கே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். மறுபடி தண்ணீர் உள்வாங்கியது. மறுபடி சைரன். தெரிந்திருந்தும் என் முழங்கால் துள்ளியது. மாமா தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தினார். கையை எடுக்கவில்லை. அலை வந்தது, கோட்டில் நின்றது, போனது.

"சொன்ன இடத்துல நிக்கிது பாருங்களன்" என்றார் மெதுவாக. சற்றுப் பொறுத்து, "அண்டைக்கி எங்களுக்கு ஆரும் ஊதல்ல, மருமகன்" என்றார்.

அசர் தொழுகை நேரம் வரைக்கும் அங்கேயே இருந்தோம். ஒவ்வொரு அலைக்கும் மாமா முன்னால் குனிந்து, முதல் தரம் பார்ப்பதைப் போலப் பார்த்தார். ராத்தாவைப் பற்றிக் கதைத்தார், பழைய வீட்டின் நிலைக்கதவைப் பற்றி, வாசலில் இருந்த வேப்பமரத்தைப் பற்றி. நான் "ஓம் மாமா" மட்டும் சொன்னேன். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

கீழே இறங்கியபோது மாமியும் ஷிபானாவும் அதே நிழலில், அதே சாப்பாட்டுப் பார்சலோடு இருந்தார்கள். ஓடவே இல்லை. ஷிபானாவுக்குச் சிரித்துச் சிரித்து முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"இஞ்சேருங்க, ஒண்டு கேக்கட்டா? கடல் வந்தா பொஞ்சாதிய விட்டுப்போட்டு மாமனாரத்தான் தூக்குவீங்களா?"

இதற்கு நான் இன்றுவரை விடை தேடுகிறேன். கிட்ட இருந்தது அவர்தான் என்றேன், எடுபடவில்லை. நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே யாரோ எடுத்த வீடியோ கல்முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த தவணை சுனாமிப் பாடம் எடுக்கும்போது கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "சேர், மாமனார் இல்லாதவங்க யாரத் தூக்குற?" வீட்டில் சண்டை வந்தால் ஷிபானா வேறு ஒன்றும் சொல்வதில்லை, "போங்க, வாப்பாவத் தூக்குங்க" என்பாள். நான் தோற்றுப்போவேன்.

மாமா மட்டும் இதுவரை ஒரு தரமும் என்னைப் பகிடி பண்ணியதில்லை. ஆனால் போன வருஷம் ஷிபானாவின் தங்கைக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை கணக்காளர், ஒல்லியான பிள்ளை, கண்ணாடி போட்டவர். பெரியவர்கள் படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் விசாரித்து முடித்தார்கள். அதுவரை பேசாமல் இருந்த மாமா தொண்டையைச் செருமினார். மாமா அந்தப் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"தம்பி, பாரம் தூக்குவீங்களா?"