ஐந்து நட்சத்திரக் கபன் கடை

ஆள் வரக்கூடாது என்று ஐந்து வேளையும் துஆக் கேட்டுவிட்டு, போனில் தேடினால் தன் கடைதான் முதலில் வரவேண்டும் என்று மிச்ச நேரமெல்லாம் மல்லுக்கட்டிய வியாபாரி உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் முந்தல் ஊர்க் கபன் நானா.

சொந்தப் பெயர் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மட்டும் தெரியும். புத்தளம் றோட்டில் நான் போட்டோக்கொப்பியும் போன் ரீலோடும் செய்துகொண்டிருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. இறந்தவரின் மையித்துக்கு உடுத்தும் வெள்ளைக் கபன் துணி, கற்பூரம், பஞ்சு, அத்தர். விற்பதெல்லாம் வெள்ளை என்பதால் தான் மட்டும் வெள்ளை உடுத்துவதில்லை என்று ஒரு பிடிவாதம். கிளிப்பச்சைச் சேட்டு, அதற்குமேல் சிரித்த முகம். துணி வாங்கிக்கொண்டு படி இறங்குகிறவரிடம் மற்ற முதலாளிமார்போல "போய்ட்டு வாங்க" என்று சொல்லமாட்டார். "இனி வராதீங்க" என்பார். பழக்கமில்லாதவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒருகாலத்தில் இருந்தது. எதிர்வீட்டு ஹாஜியார், "காலையில கதவத் திறந்தா 'கபன்' எண்டு முகத்துல அடிக்கிது நானா, பிளேன்டி தொண்டைக்குள்ள இறங்குதில்ல" என்று கெஞ்சியதால் கழற்றிவிட்டார். ஊருக்குத்தான் கடை தெரியுமே, பலகை எதற்கு என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். மன்னார்ப் பக்கத்து வான் ஒன்று பூட்டிக் கிடந்த நானாவின் கடைக்கு நேரே, அது என்ன கடை என்று தெரியாமலே வந்து நின்றது. சுகமில்லாத வாப்பாவைக் கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சிலாபம் தாண்டியதும் வானுக்குள்ளேயே உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டார். ஊர் ஆண்கள் முழுக்கப் பள்ளிக்குள், றோட்டில் கேட்க ஆளில்லை. மகன் போனில் தேடினால் அது கொழும்பில் ஒரு கடையைக் காட்டியிருக்கிறது. கடைசியில் திறந்திருந்த ஒரே புடவைக்கடையில் ஒரு பெட்ஷீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் ஓரத்தில் ரோசாப்பூ வேறு.

தொழுதுவிட்டு வந்த நானாவிடம் புடவைக்கடைக்காரர்தான் சொன்னார். நானா அன்று பகல் சோறு தின்னவில்லை. என் கடைக் கதிரையில் வந்து குந்தினார்.

"தம்பி, என்ட படியிலதான் நிண்டிருக்காங்க. கதவுக்கு உள்ளுக்குத் துணி, வெளிய மையித்து. ரோசாப்பூவோட அனுப்பிட்டமே."

"நீங்க என்ன செய்ற நானா, தொழத்தானே போனீங்க."

"ஊரான் என்னைத் தேடத் தேவையில்ல. வழியில மௌத்தாகிறவங்கட ஆக்கள்தான் தேடுவாங்க. அவங்களுக்கு நான் போன்ல தெரியோணும். போன்ல பலகை போட்டா ஹாஜியாருக்கும் பிளேன்டி இறங்கும்."

அன்றோடு என் நிம்மதி போயிற்று. என்னைக் கேட்காமல் தானே போன் மெப்பில் கடையைப் போட்டார். குத்திய இடம் ஊருக்குப் பின்னாலிருந்த இறால் பண்ணை, அதுவும் நடுக்குளம். அடுத்த நாளே பண்ணைக் காவல்காரர் வந்து, "நானா, உங்கட கபன் கடை எங்கட தண்ணிக்குள்ள கிடக்காம். இறாலுக்கு நோய் வந்திட்டெண்டு கதை பரவுது" என்று சத்தம் போட்டார்.

இடத்தைத் திருத்தினேன். பார்த்தால் கடை வகையும் பிழை. போன் காட்டிய வகைகளில் கபன் இல்லையே என்று 'ஆடையகம்' என்பதை அமர்த்தியிருக்கிறார். பெருநாள் கிட்ட நுரைச்சோலையிலிருந்து ஒரு பிள்ளை கேள்வி அனுப்பியிருந்தாள்: "உடுத்திப் பார்க்க இடம் இருக்கா?" நானா கடமை தவறாமல் பதில் போட்டிருந்தார்: "தேவையில்லை. உடுத்திவிட ஆள் இருக்கு." விடுமுறை நாளைப் போடுங்கள் என்றதற்கு, "உயிரெடுக்கிற மலக்குல் மௌத்துக்கு லீவு இல்ல, எனக்கு என்னத்துக்கு?" என்று என்னிடம் பாய்ந்தார்.

வகையை, அடக்கத்துக்கான ஜனாஸாச் சேவை என்று மாற்றினோம். தமிழிலும் சிங்களத்திலும் பெயர், பள்ளிக்கு எந்தப் பக்கம், ஜும்ஆ நேரம் அவர் மனைவி எடுக்கும் போன் இலக்கம் எல்லாம் போட்டோம். அப்படியும் எங்கள் றோட்டில் நின்று தேடினால் கொழும்புக் கடைதான் முதலில் வந்தது. அதற்கு வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரங்கள் குவிந்து கிடந்தன. நமக்கு ஒன்றுகூட இல்லை.

"நானும் கூட்டாளிமாரும் ஆளுக்கு அஞ்சு போடுறம்" என்றேன்.

"நீங்க எப்ப என்னட்டத் துணி வாங்கின?"

"வாங்கல்லதான்."

"வாங்காதவன் நல்லம் எண்டு சொன்னா அது பொய்ச்சாட்சி. நாளைக்கு அல்லாஹ்ட்ட நான்தான் மாட்டுவன்."

ஆக, உண்மையில் வாங்கியவர்கள்தான் போடவேண்டும். அவர்களோ எல்லாரும் மௌத்து வீட்டுக்காரர். ஜனாஸா அன்று கேட்க நானாவுக்கு மனம் வராது. மௌத்தானவருக்காகக் கத்தம் ஓதும் நாள்வரை பொறுத்திருப்பார். ஓதி முடிந்து, எல்லாரோடும் ஒரே சஹன் தட்டில் சோறு தின்று, கை கழுவி, மெல்ல வீட்டுக்காரர் பக்கத்தில் போய், "மகன், நம்மட துணி எப்பிடி?" என்று போனை நீட்டுவார். கூடப்போன நான் அந்த நேரம் தலை நிமிரமாட்டேன்.

பள்ளிவாசல்துறையில் மீன்பிடித்த ஒருவர் மௌத்தான வீட்டில் இப்படித்தான். மனைவி துக்கக்கால இத்தாவில், திரைக்கு அந்தப் பக்கம். திரைக்குக் கீழால் போன போன் நாலு நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது.

"ஏன் ராத்தா, ஒண்டக் குறைச்சிட்டீங்க?"

"துணியில குறையில்ல நானா. அவரு சாகுமட்டும் கோடு போட்ட சாரம்தான் உடுத்தாரு. வெள்ளையில பாத்தப்ப என்ட மனிசன் மாதிரியே இல்ல."

நானா போனைப் பைக்குள் வைத்துவிட்டு எழும்பினார். மோட்டார் சைக்கிளில் என் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊர்வந்து சேர்ந்தார்.

இப்படி ஒவ்வொரு மௌத்தாகக் கடை மேலேறியது. ஒருநாள் பின்னேரம் ஒரு வான் யாரையும் கேட்காமல் நேரே அவர் படியில் வந்து நின்றது. இறங்கிய பொடியன் கையில் போன், முகத்தில் இரத்தமில்லை. நானா துணி வெட்டி, கற்பூரம் கட்டிக் கொடுத்து, பள்ளியில் பேசிக் குளிப்பாட்டவும் ஒழுங்கு செய்தார். வான் போனபின் நான் தேடிப் பார்த்தேன்.

"நானா, முதலாவதா வந்துட்டீங்க!"

"அந்தப் பொடியனுக்குத் தேடுற தேவையே வந்திருக்கப்படாது தம்பி" என்று சொல்லி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குந்திவிட்டார். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

போன வருடம் என் வாப்பா மௌத்தானார். நானும் அந்தப் படி ஏறினேன். என்னைக் கண்டதும் கிளிப்பச்சைச் சேட்டுக்கு மேலிருந்த சிரிப்பு அணைந்துபோயிற்று. துணியைத் தந்தார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை, உள்ளே போய்விட்டார்.

கத்தத்துக்கு வந்தார். சோறு தின்றார், கை கழுவினார். போன் பைக்குள்ளேயே இருந்தது.

"என்னட்டக் கேக்கல்லயா நானா? இப்ப நானும் வாங்கின ஆள்தானே."

"உங்களிட்ட எப்பிடித் தம்பி கேக்கிற?"

அன்று பின்னேரம் அவர் கேட்காமலே நான் போட்டேன். ஐந்து நட்சத்திரம். கீழே எழுதினேன்: "இந்தக் கடைக்குப் போகும் தேவை ஒருவருக்கும் வராதிருக்கட்டும். வந்தால், வேறெங்கும் தேடாதீர்கள்."

இஷாத் தொழுகைக்கு முன்னரே கடைக்காரரின் பதில் வந்துவிட்டது. அன்று படியில் வைத்து அவரால் சொல்ல முடியாமல் போனதுதான்: "இனி வராதீங்க தம்பி."

வாப்பா போனபின் அன்றுதான் நான் முதல் தடவை சிரித்தேன். அல்லாஹ் அந்த மனிதரை நெடுங்காலம் வைத்திருக்கட்டும், ஆள் வராத அந்தக் கடையில்.