வருணகும்பத்தின் வியர்வை

கொலோன் நகரத்து வாடகை மண்டபம் ஒன்றில், ஒக்டோபர் மாதத்து ஞாயிறன்று, முந்நூறு பேர் மழைக்காகக் காத்திருந்தோம். வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது ஜெர்மன் மழை. எங்களுக்கு வேண்டியதோ எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இலங்கையில் பெய்ய வேண்டிய மழை.

அதனை வரவழைப்பவர் வருணானந்த சுவாமிகள். அவருடைய பித்தளைக் கும்பம் வியர்த்தால், மூன்றாம் நாள் ஊரில் மாரி தொடங்குமாம். தீவில் இராவெப்பம் மெல்ல மெல்ல ஏறிவருவதற்கும், மழை நாள் தப்பி வந்து ஒரே நாளிற் கொட்டித் தீர்ப்பதற்கும் அவர் காரணம் கண்டிருந்தார்: புலம்பெயர்ந்த நாம் குலதெய்வத்தைக் குளிர்விக்கவில்லை! நூறாண்டுக்கும் மேலான மழைப்பதிவேடுகளைப் புரட்டித் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அறிஞர்கள், பாவம், இந்தக் கும்பத்தைக் கண்டாரில்லை.

முன்வரிசையிற் பட்டுவேட்டியுடன் அமர்ந்திருந்த மூடன் யாரென வினவுகிறீர்களா? அடியேன்தான். முப்பத்தோராண்டு புவியியல் கற்பித்தவன். பருவக்காற்றையும் ஆவி குளிர்ந்து நீராய் ஒடுங்குதலையும் கரும்பலகையில் வரைந்து வரைந்து சுண்ணக்கட்டி தேய்த்தவன்.

அத்தகைய நானே, பூநகரியில் மழையை நம்பி நெல் விதைக்கும் என் தம்பி தபோதரனுக்கு, "கும்பம் வேர்க்குமட்டும் விதையாதை" என்று தொலைபேசியிற் கட்டளையிட்டிருந்தேன். காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பை முதல் மழைக்கு முன்னரே முடித்தல் வேண்டும். அவனோ விதைநெல்லை மூட்டையில் வைத்துக்கொண்டு மூன்று கிழமையாகக் காத்திருந்தான். தமையன் சொல்லைத் தட்டாத தம்பி. அதிலும் என்னிடமே படித்தவன்!

சுவாமிகள் செம்பட்டை விலக்கினார். கும்பத்தின் மேனியெங்கும் முத்து முத்தாக நீர். "அரோகரா!" என்று மண்டபம் அதிர்ந்தது.

"பாத்தியளே மாஸ்டர், ஊத்துது!" என்று பக்கத்திலிருந்த தங்கராசா என் தோளைக் குலுக்கினார்.

"நாளைக்கே விதைக்கச் சொல்லுங்கோ," என்று சுவாமிகள் அருளினார்.

எல்லாருக்கும் கேட்கும்படி தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தித் தம்பியை அழைத்தேன். "தம்பி, கும்பம் வேர்த்திட்டுது! நாளைக்கு விதை!"

"எங்கையண்ணை விதைக்கிறது? முந்தநாள் இரவு ஒரு மாசத்து மழை ஒரேயடியாக் கொட்டினது. புழுதியெல்லாம் சேறு. இப்ப வெயில் கொளுத்துது."

மண்டபம் சுவாமிகளை நோக்கியது. அவர் இமைகூடக் கொட்டவில்லை. "அது வெறும் தண்ணி. வருணன் அனுப்புற மழை இனித்தான்."

முந்நூறு தலைகள் ஆமென அசைந்தன. என் தலை மற்றவற்றினும் சற்று விரைவாகவே அசைந்தது.

அப்போது, மண்டபச் சமையலறையைக் கவனித்துக்கொண்ட கலாதேவியின் மகள் சுபானி எழுந்தாள். இந்நாட்டிலேயே வளர்ந்தவள். யன்னல் வியர்த்துச் சுவரிற் பூஞ்சணம் பிடித்ததென முறையிடும் வாடகைக் குடியினருக்குப் பதில் எழுதுவது அவளுடைய உத்தியோகம்.

"மாஸ்டர், இதுக்கு எங்கட ஒபிஸில ஒரு கடிதம் ரெடியாக் கிடக்கு," என்றாள். "குளிர்ந்த இடத்தில ஈரக்காத்துப் பட்டால் வேர்க்கும், யன்னலைத் திறவுங்கோ எண்டு ஆக்களுக்கு அனுப்புவம். வருணனுக்கு அனுப்புறேல்லை."

"பிள்ளை, தெய்வநிந்தனை!" என்று தங்கராசா சீறினார்.

"நிந்திக்கேல்லை அங்கிள். சும்மா ஒண்டு செய்து பாப்பம்."

சமையலறையிலிருந்து இரண்டு செம்புகளைக் கொணர்ந்தாள். ஒன்றில் இளஞ்சூட்டு நீர். மற்றதிற் குளிர்பானப் பெட்டியிலிருந்து அள்ளிய பனிக்கட்டி. இரண்டையும் கும்பத்தின் அருகில் வைத்தாள். ஐந்து நிமிடம் சென்றது. முதலாவது செம்பு உலர்ந்தபடியே இருந்தது. இரண்டாவது, சுவாமிகளின் கும்பத்தை விடப் பக்தியோடு வியர்த்து வழிந்தது.

"இந்தச் செம்புக்கு ஆர் மந்திரம் சொன்னது?" என்று சுபானி கேட்டாள்.

சுவாமிகள் கும்பத்தை மார்போடணைத்து, "ஒருத்தரும் தொடக்கூடாது! தீட்டு!" என்றார். கலாதேவி முன்னே வந்து, கும்பத்தின் வாயிலிருந்த தேங்காயைத் தூக்கினார். உள்ளே பனிக்கட்டிகள் மிதந்தன.

"ஐயோ, தொண்டை வறளுது எண்டு காலமை என்னட்டை வாங்கின ஐஸெல்லோ இது!" என்று அவர் வாயிலடித்துக்கொண்டார்.

சுவாமிகள் சட்டென மேலங்கியை எடுத்துக்கொண்டு பின்வாயிலால் மறைந்தார். அருள்வாக்கு எதுவும் கூறவில்லை.

என் கையிலிருந்த தொலைபேசி பேசியது. அழைப்பைத் துண்டிக்க மறந்திருந்தேன். "அண்ணை, எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

"தம்பி..." என்றேன்.

"சேத்தை உழுது பலகையடிச்சு மட்டமாக்கி, நெல்லை முளைகட்டி விதைக்கப் போறன். வேலை இரட்டிப்பு, விளையுமோ தெரியாது. உங்களைக் கேக்கேல்லை அண்ணை. சொல்லுறன்."

இணைப்பை அவனே துண்டித்தான்.

அன்பர்களே, மாரியைப் பற்றி அறிய விழைந்தால் பதிவேட்டைப் பாருங்கள். வயலில் நிற்பவனைக் கேளுங்கள். என் போன்ற படித்தவனைக் கேட்டே ஆகவேண்டுமெனின் கேளுங்கள், தடையில்லை. ஆனால் கேட்டபின் நீங்களாவது சிந்தியுங்கள்.