கெமிஸ்ட்ரிக்கு மூச்சு வாங்குது

என் பொண்டாட்டி ஒரு கொலைகாரி. இன்னும் கொலை நடக்கல, அவ்ளோதான்.

சும்மா சொல்லல. நாள் பூரா வீட்ல உக்காந்து கவனிச்சுட்டுச் சொல்றேன். வேலைக்குப் போறவனால இந்த மாதிரி சந்தேகப்பட முடியுமா? டைம் இருக்காது.

2003. வேங்கிக்கால்ல வாடகை வீடு. ரேணுகாம்பாள், அதாவது என் ரேணு, கலெக்டர் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். நான் பாலிடெக்னிக்க மூணாவது செமஸ்டரோட விட்டவன். "நீங்க எங்க விட்டீங்க? அதுதான் உங்கள விட்டுச்சு"ம்பா. ஹால்ல ஒரு மீன் தொட்டி. அதுல அஞ்சு கோல்டு ஃபிஷ். என் அரியரும் அஞ்சு. அதனால அந்தப் பேரையே வச்சுட்டேன். மேத்ஸ் ஒண்ணு, மேத்ஸ் ரெண்டு, பிசிக்ஸ், டிராயிங், கெமிஸ்ட்ரி. இருக்கறதுலயே குண்டு கெமிஸ்ட்ரிதான்.

போன பௌர்ணமி அன்னிக்குக் காலைல ஆரம்பிச்சுது வம்பு.

"ஏங்க, அண்ணன் போன் பண்ணுச்சு. கீழ்பென்னாத்தூர் கடலை மண்டில மல்லாட்டை மூட்டை தூக்க ஆள் வேணுமாம்."

"ஆள் வேணும்னா ஆளத் தேடச் சொல்லு. நான் தொழிலதிபர்."

"இன்னா தொழிலு?"

"மீன் வளத்து விக்கறது."

"மூணு வாட்டி தண்ணி மாத்துனீங்க. மூணு மீனு மெதந்துச்சு. எங்க விக்கறது, கருவாட்டுக் கடைலயா?"

"அது பழைய பேட்ச்!"

ரேணு ஜன்னல் வழியா மலையப் பாத்தா. "இந்த மலை மேல சத்தியம். அடுத்த பௌர்ணமி வரைக்கும் அஞ்சும் உசுரோட இருந்தா நீங்க மீன் வேலையே பாருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒண்ணு மெதந்தாலும் மண்டிக்குப் போகணும். சரியா?"

ரேணு வாயத் தொறக்காம இருப்பான்னா அதுக்காகத் திமிங்கலமே வளப்பேன். சரின்னுட்டேன்.

நேரா பக்கத்து வீட்டு காசிம் பாய்கிட்ட ஓடுனேன். செங்கம் ரோட்ல கலர் மீன் கடை வச்சிருக்கார். "தம்பி, குழாய்த் தண்ணில குளோரின் இருக்கு. அதான் மீன் சாவுது"ன்னு சொல்லி ஒரு சொட்டு மருந்து பாட்டில் குடுத்தார். குளோரின்னு ஒண்ணு இருக்குன்னே அப்பதான் எனக்குத் தெரியும். கெமிஸ்ட்ரில அரியர் சும்மாவா வந்துச்சு?

பக்கெட் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சுன்னு ஒரு ஓஸும் வாங்குனேன். குழாய்ல ஒரு முனைய மாட்டி, சைக்கிள் டியூப்பால இறுக்கிக் கட்டி, மறுமுனைய தொட்டில விட்டேன். பத்து பக்கெட் தொட்டி. மூணு பக்கெட் அழுக்குத் தண்ணிய எடுத்துட்டு மூணு பக்கெட் புதுத் தண்ணி. பக்கெட்டுக்குப் பத்து சொட்டு. ஆக முப்பது சொட்டு. தெரு பூரா இந்த டெக்னிக்கச் சொல்லி முடிச்சுட்டேன்.

"பாட்டில் மேல இன்னாவோ எழுதியிருக்கே, படிச்சீங்களா?"ன்னா ரேணு.

"இது சயின்ஸ். உனக்குப் புரியாது."

அவ சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் எனக்கு மொத சந்தேகம்.

ரெண்டாவது சந்தேகம் பாட்டில். நான் முப்பது சொட்டு விட்டா, அடுத்த நாள் நூறு சொட்டு காலி. பேனால கோடு போட்டு வச்சேன். புதன்கிழமை தண்ணி மாத்துனா வியாழக்கிழமை கோட்டுக்குக் கீழ எறங்கிடுது. மருந்து என்ன கிரிவலமா போவுது?

மூணாவது, சுவத்துக்கு மேல சாயிரா பானு அக்கா, காசிம் பாயோட சம்சாரம். ரேணுவும் அவங்களும் குசுகுசுன்னு பேசிக்கினு இருப்பாங்க. நான் போனா டக்குனு மல்லிப்பூ விலை பேசுவாங்க. தலைல ரெண்டு பேருக்கும் பூவே இருக்காது.

எனக்குப் புரிஞ்சு போச்சு. இவ மருந்தத் திருட்டுத்தனமா கீழ ஊத்தறா. மருந்து தீந்துடும். கெமிஸ்ட்ரி மெதக்கும். நான் மல்லாட்டை மூட்டைக்கு அடில கெடப்பேன்.

நானும் ஒரு பொறி வச்சேன். அதே மாதிரி ஒரு காலி பாட்டில்ல வெறும் தண்ணிய நெரப்பி அலமாரில வச்சேன். நெஜ மருந்து என் சட்டைப் பாக்கெட்ல. தூங்கும்போதும் சட்டை தலைமாட்டுலதான். கீழ ஊத்துடி, நல்லா ஊத்து!

பௌர்ணமி வந்துச்சு. அதுவும் புதன்கிழமை. ஊர் பூரா கிரிவலக் கூட்டம். எங்க தெருக் குழாயத் தொறந்தா பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கத் தூக்குது. நான் அசரல. ஓஸ மாட்டுனேன், தண்ணி விட்டேன், பாக்கெட்லருந்து எடுத்து முப்பது சொட்டு. இன்னிக்கு நாள் நல்ல நாளுன்னு எக்ஸ்ட்ரா பத்து.

ரெண்டு நிமிஷம்.

மேத்ஸ் ரெண்டும் மேல வந்துடுச்சு. பிசிக்ஸ் கோணலா நீந்துது. டிராயிங் வட்டம் போடுது. கெமிஸ்ட்ரி வாயப் பொளந்துக்கினு ஆ, ஆ-ங்குது.

"ரேணு! கெமிஸ்ட்ரிக்கு மூச்சு வாங்குது!"

ரேணு ஆபீஸ் பொடவைல நிதானமா வந்தா. அலமாரிய நோக்கிக் கைய நீட்டுனா.

"ஐயோ அது வேணாம்! அது வெறும் தண்ணி!"

கை அப்படியே நின்னுச்சு. "வெறும் தண்ணியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... வந்து... நீ கீழ ஊத்துவேன்னு..."

"நானு?"

"மீனக் கொல்லறதுக்கு."

ரேணு அந்த அலமாரிப் பாட்டிலத் தலகீழாக் கவுத்துக் காட்டுனா. அடில அவ ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு. செவப்பு.

"மொத வாரமே நெஜ மருந்துல ஒட்டிட்டேன். உங்க புத்தி எனக்குத் தெரியாதா? நேத்து பாத்தா அலமாரில பொட்டு இல்லாத பாட்டில். தொவைக்கறதுக்கு சட்டைய எடுத்தேன். பாக்கெட்ல பொட்டு வச்ச பாட்டில். மருந்து இருக்க வேண்டிய எடத்துல மருந்த வச்சேன். உங்க தண்ணி உங்க பாக்கெட்ல."

சொல்லிக்கினே சொட்டு விட்டா. முப்பதுல நிறுத்தல.

"ஏய், ஜாஸ்தி ஆவுது!"

"ஓஸ்ல நேராத் தொட்டில விட்டா முழுத் தொட்டிக்கும் கணக்குப் போட்டு விடணும். அதுவும் தண்ணி தொறக்கறதுக்கு முன்னாடியே விடணும். பாட்டில் மேலயே எழுதியிருக்கு. நூறு சொட்டு. வாராவாரம் நீங்க முப்பது விட்டுட்டுத் தூங்கப் போவீங்க. மீதி எழுபது யாரு விட்டா, மலையா?"

கொஞ்ச நேரத்துல மேத்ஸ் ரெண்டும் கீழ எறங்குச்சு, கெமிஸ்ட்ரி வாய மூடுச்சு. நானும் மூடிக்கினேன். அப்புறம்தான் ஒறச்சுது. அஞ்சும் உசுரோட இருக்கு. இன்னிக்குப் பௌர்ணமி!

"ரேணு! நான் ஜெயிச்சுட்டேன்! மீன் வேலையே பாப்பேன்! நீ வாயத் தொறக்கக் கூடாது!"

அவ வாயத் தொறக்கல. வாசக் கதவத் தொறந்தா.

வெளிய காசிம் பாய் ஸ்கூட்டர ஒதைச்சுக்கினு இருக்கார். "தம்பி, ரெடியா? கடைல நாப்பது தொட்டி. தண்ணி மாத்த ஆளே இல்ல. நீங்க ஓஸ்ல சூப்பரா மாத்தறீங்கன்னு ஒரு மாசமா ஊரே பேசுது. வாங்க வாங்க, பௌர்ணமி கூட்டம் ஜாஸ்தி!"

சுவத்துக்கு மேல சாயிரா பானு அக்கா எட்டிப் பாத்து, "மூட்டை தூக்கறதுக்கு இது சொகம் தம்பி"ன்னாங்க.

நான் ரேணுவப் பாத்தேன். சத்தியத்தக் காப்பாத்திக்கினு கம்முனு நின்னா. ஒரு புது எவர்சில்வர் டிபன் பாக்ஸ என் கைல வச்சா. அப்புறம் அலமாரிலருந்து அந்தப் பொட்டு வச்ச பாட்டிலயும் எடுத்து என் பாக்கெட்ல போட்டா.

ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்து டிபன் பாக்ஸத் திருப்பிப் பாத்தேன். மூடில பாத்திரக் கடைல குடுத்து என் பேர வெட்டியிருக்கா. 'வளவன்.' அதுக்குக் கீழ தேதி.

போன பௌர்ணமித் தேதி.