மேற்படியார் போட்ட மனு

வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுப் போனதற்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். எங்கள் தாலுகா ஆபீசில் நாங்கள் நம்பிய காரணம் ஒன்றுதான். மேற்படியார் போட்ட மனுக்களுக்குப் பதில் எழுதி மாளவில்லை, போய்விட்டான்.

நன்னிலம் பக்கத்துக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. மனுவின் அடியில் கையெழுத்தாக இருக்கும், யாராலும் படிக்க முடியாது. வாயைத் திறந்தால் 'மேற்படி' என்றுதான் வரும் என்பதால் அதுவே பெயராகிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்து, "மேற்படி டீயில சர்க்கரை போடலைங்கறதை உங்க மேலான கவனத்துக்குக் கொண்டு வர்றேன்" என்பார். கடைக்காரர் ஒரு கரண்டி போட்டதும், "தக்க நடவடிக்கைக்கு நன்றி" என்பார்.

முதல் மனுவை வெள்ளைக்காரக் கலெக்டருக்குப் போட்டாராம். பண்ணையில் குத்தகை நெல் அளக்கிற மரக்கால் ஊர் மரக்காலைவிடப் பெரிசு, துரையவர்கள் நேரில் வந்து அளந்து பார்க்க வேண்டும் என்று. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலித்து முடிப்பதற்குள் துரை கப்பலேறிவிட்டார். மேற்படியார் விடவில்லை. அடுத்து வந்த ஒவ்வொரு ஆட்சிக்கும் நினைவூட்டல் அனுப்பினார். 'துரையவர்கள் சமூகத்துக்கு' என்பதை 'மாண்புமிகு' என்று மாற்றியதோடு சரி. "துரைதான் போயிட்டாரேங்க" என்று சொன்னால், "பைல் போகலையே" என்பார்.

தபால் பிரிவில் பெண் குமாஸ்தாவாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் கொண்டுவந்த மனுக்களில் பாதி அஞ்சலையக்காவைப் பற்றியவை. அக்கா அவருடைய பக்கத்து வயல்காரர். பண்ணைக்குச் சொந்தமான இரண்டு மா நஞ்சையை, முக்கால் ஏக்கர்கூட வராது, குத்தகைக்கு எடுத்து, புருஷன் இறந்த பிறகும் தனியாளாக நடவும் அறுப்பும் நடத்தியவர். மேற்படியார் வயலின் தண்ணீர் அக்காவின் வரப்போரமாக ஓடும் வடிகாலில்தான் வடிய வேண்டும். அக்காவோ ஐப்பசி பிறந்தால் மீன் பிடிப்பதற்காக அதை மண் போட்டு அடைத்துவிடுவார். உடனே மனு வரும். 'மேற்படி குத்தகைதாரர் அஞ்சலை என்பவர் வடிகாலை அடைத்து என் பயிரை மூழ்கடிக்கிறார்.' பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டு. "அந்த ஆளு பேனாவைப் புடுங்கி வாய்க்கால்ல வீசணும்" என்பது அக்காவின் கோரிக்கை. அதை மட்டும் யாரும் எழுத்தில் தரவில்லை.

இந்த நிலையில் கழக ஆட்சியில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. அக்கா தன் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்டார். பதிவாகிவிட்டால் பண்ணை அவரை லேசில் கிளப்ப முடியாது. அதனால் பண்ணைக் காரியஸ்தர் ஆட்சேபணையோடு வந்துவிட்டார்.

"இந்தம்மா குத்தகைதாரரே இல்லைங்க. கூலிக்கு வேலை பார்த்தவங்க. நிலம் எங்க சொந்தச் சாகுபடி."

தாசில்தார் அக்காவிடம் கேட்டார். "குத்தகை நெல்லு அளந்ததுக்குச் சீட்டு இருக்காம்மா?"

"களத்துலயே அளந்து வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்கய்யா. சீட்டெல்லாம் யாரு குடுத்தா?"

"வேற எதாவது எழுத்து?"

அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார். அந்த இரண்டு மா போனால் அவருக்கு வேறு ஒன்றும் கிடையாது.

கதவோரம் மேற்படியார், வழக்கம்போல் புது மனுவோடு. காரியஸ்தர் மறுபடியும் "கூலியாள்தாங்க" என்றதும் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார்.

"மேற்படி அம்மா கூலியாள்னா, பன்னெண்டு வருஷமா குத்தகைதாரர்னு நான் எழுதினது என்னங்கய்யா? பொய் மனுவா?"

"பெரியவரே, இது வேற விசாரணை. வெளியில இருங்க," என்றார் தாசில்தார்.

"என் மனுவுல தப்புங்கறாரு. நான் எப்படிங்க வெளியில இருக்கறது? பைலை எடுக்கச் சொல்லுங்க."

அக்காவைக் காப்பாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை, சத்தியம் செய்வேன். மனுவின் மானம்தான் அவருக்குப் பெரிசு. தாசில்தார் என்னைப் பார்த்தார். ஓடிப்போய் அந்தப் பைலை இரண்டு கையாலும் தூக்கி வந்து, தும்மிக்கொண்டே புரட்டினேன். நடுவில் ஒரு கடிதம். வடிகால் புகார் பற்றி எப்போதோ ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டதற்குப் பண்ணை அனுப்பிய பதில். பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அவசரத்தில் காரியஸ்தர் எழுதியிருந்தார்: 'மேற்படி நிலம் அஞ்சலையின் குத்தகைச் சாகுபடியில் இருப்பதால் அடைப்புக்கு அவரே பொறுப்பு. பண்ணைக்குச் சம்பந்தம் இல்லை.' கீழே கையெழுத்து, முத்து முத்தாக.

தாசில்தார் இரண்டு தடவை படித்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

காரியஸ்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த வாரமே அக்காவின் பெயர் குத்தகைதாரராகப் பதிவாயிற்று. அப்பாடா என்று எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

உத்தரவு வாங்கிய அன்று வராந்தாவில் அக்கா கையெடுத்துக் கும்பிட, மேற்படியார் பதறிப்போனார். "அதெல்லாம் வேணாம். வடிகால் விஷயம் அப்படியே நிலுவையில நிக்குது, ஞாபகம் வச்சுக்க."

மறுநாள் காலையிலேயே அக்கா மண்வெட்டியோடு போய் அடைப்பை வெட்டிவிட்டார். வினை அங்கேதான் வந்தது. மேற்படியார் ஆபீஸ் பக்கமே காணோம். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. சர்க்கரை இல்லாத டீயைக்கூட வாயைத் திறக்காமல் குடித்துவிட்டுப் போகிறார் என்று டீக்கடைக்காரர் கவலைப்பட்டார்.

கடைத்தெருவில் அக்காவைப் பார்த்தபோது இதைச் சொன்னேன்.

"நானும் பாத்தேம்மா. வரப்புல நின்னு தண்ணி ஓடறதையே பாத்துக்கிட்டிருக்காரு. மூஞ்சியே சரியில்ல." அக்கா கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு வெட்டு மண்ணு போட்டு வைக்கிறேன். பயிரு முழுகாது, கசிஞ்சு போயிடும். வருஷா வருஷம் எம்பேரு குத்தகைதாரர்னு எழுத்துல ஏறினா எனக்கும் நல்லதுதானே."

திங்கட்கிழமை பத்து மணிக்கு, கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக வந்து நின்றார் மேற்படியார். "மேற்படி குத்தகைதாரர் மறுபடி ஆரம்பிச்சுட்டாங்கம்மா" என்று மனுவை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தேன். இரண்டு மாதமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.