ஒன்றும் வழங்காத் திட்டம்

கொளஞ்சிமேட்டு மேல்நிலைத் தொட்டியைக் காலையில் திறந்து பத்து மணிக்கு மூடுகிற பொறுப்பு என்னுடையது. பெயர் தர்மன். தண்ணீர் வந்தால் அது அரசாங்கம் தந்தது, வராவிட்டால் அது தர்மன் நிறுத்தியது. இப்படி இரண்டு பக்கமும் அடி வாங்கிப் பழகியவன் என்பதால், எங்கள் ஊரில் நடந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

குரும்பலூரிலிருந்து உள்ளே வரும் ரோடு ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஆவாரமேடு, வலது பக்கம் நாங்கள். இரண்டு ஊரிலும் மக்காச்சோளம், சின்ன வெங்காயம். இரண்டு ஊருக்குள் போகவும் ஒரே ஓடையைத்தான் தாண்ட வேண்டும். ஓடைமேல் இருந்த இரண்டு சிறு பாலங்களும் சோள லாரி ஏறி ஒரே வருடம் உடைந்தன. ஒற்றுமை என்றால் அப்படி ஒரு ஒற்றுமை.

பாலம் உடைந்ததில் அதிகம் தவித்தவர் பச்சையம்மாள் அக்கா. ஒண்டி ஆளாக ஒன்றரை ஏக்கர் வெங்காயம் போடுகிறவர். பிடுங்கிய வெங்காயத்தைக் காற்றாட அடுக்கி மூடிப் பட்டறை போட்டு, விலை வரும்வரை பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார். வேன் ஊருக்குள் வந்தால்தான் மூட்டை வெளியே போகும். ஐப்பசி மழைக்கு முன்னால் போகாவிட்டால் அவ்வளவும் அழுகிவிடும். ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கா பெரம்பலூருக்கு பஸ் ஏறி மனுக் கொடுத்தார். பதினோராவது மனுவுக்குப் பதில் வந்தது.

"தங்கள் கிராமம் அறிவியல் முறைப்படி ஒப்பீட்டுக் கிராமமாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளது" என்று முதல் வரி. இரண்டாவது வரியை யாரும் படிக்கவில்லை. படிப்பதற்குள் வெடி வெடித்துவிட்டோம். ஊர் முகப்பில் பிளக்ஸ் வைத்தோம். அதில் நாற்பத்தாறு முகங்கள், என் முகம் இரண்டாவது வரிசையில். அக்கா மட்டும் போட்டோ தரவில்லை. "மொதல்ல பாலம் வரட்டும், அப்புறம் மூஞ்சியக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. வளர்ச்சித் தாக்க மதிப்பீட்டுப் பிரிவின் அலுவலர் பரணிதரன் இறங்கினார். மெதுவாகப் பேசுவார். எது பேசினாலும் ஆணையைப் படிப்பது போலவே இருக்கும். கூடவே சமூகவியலில் ஆராய்ச்சி செய்யும் பெண், பெயர் முத்தமிழ். கையில் ஒரு டேப்லெட், தோளில் ஒரு ஜோல்னாப் பை.

பரணிதரன் சார் விளக்கினார். "ஆவாரமேடும் கொளஞ்சிமேடும் எல்லா வகையிலும் சமமான ஊர்கள். அந்த ஊருக்கு எல்லாத் திட்டமும் வழங்கப்படும். இந்த ஊருக்கு எதுவும் வழங்கப்படாது. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டையும் ஒப்பிட்டா, திட்டங்களால என்ன பயன்னு துல்லியமாத் தெரிஞ்சுடும்."

"எங்களுக்கு ஏன் சார் கெடயாது?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டது. இதுல யாரோட விருப்பு வெறுப்பும் கிடையாது. அதுதான் இந்த முறையோட அழகே."

பச்சையம்மாள் அக்கா முன்னால் வந்தார். "ஏஞ்சார், நாப்பது வருசமா எங்களுக்கு ஒன்னும் குடுக்கலியே, அப்பவும் கம்ப்யூட்டர்தான் சொல்லிச்சா?"

"அம்மா, இதுவரைக்கும் குடுக்காம இருந்தது தற்செயல். இனிமே குடுக்காம இருக்கப் போறது திட்டமிட்டு."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். சொல்லப்போனால் நானும் ஆட்டினேன். திட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு மரியாதை.

"சரி சார், எங்களுக்கு என்னதான் கெடைக்கும்?"

"அறிவியலுக்குப் பங்களித்த பெருமை."

"அது எந்தக் கெழம குடுப்பாங்க? ரேசன் கடையிலயா?" என்றார் அக்கா. முத்தமிழ் அதையும் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டது.

அன்றுமுதல் எங்களுக்கு எதுவும் வழங்கப்படாமல் இருப்பதைக் கண்காணிக்க வாராவாரம் புதன்கிழமை ஜீப் வரத் தொடங்கியது. தேர்தல் காலத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் வந்ததில்லை. உடைந்த பாலத்தை நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுப்பார்கள். எரியாத தெருவிளக்குகளை எண்ணுவார்கள். 'நிலைமை மாறாமை உறுதிப் படிவம்' என்று ஒன்று உண்டு. அதில் சாட்சிக் கையெழுத்துப் போடும் கௌரவம் எனக்குக் கிடைத்தது.

ஒரு தடவை பள்ளிக்கூடத்துப் பக்கத்து விளக்கு தானாகவே எரிந்துவிட்டது. வயர் காற்றில் உரசிப் பிடித்துக்கொண்டிருக்கும். பரணிதரன் சார் முகம் வெளுத்துவிட்டது. "யார் அனுமதியில எரியுது?" என்று என்னைக் கேட்டு விளக்கக் கடிதம் வாங்கினார். நல்லவேளை, மறுவாரம் அணைந்துவிட்டது. இன்னொரு தடவை ஜீப்பின் முன்சக்கரம் எங்கள் பாலத்துப் பள்ளத்தில் இறங்கியது. சார் பேண்டை முழங்கால்வரை மடித்து, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கி வந்தார்.

"இப்பவாச்சும் பாலம் போடலாமுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இது ஒரு அருமையான தரவு" என்றார் சார், காலில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டே.

புரட்டாசி பிறந்தது. வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. அக்காவின் பட்டறையில் அடிப்பக்கம் லேசாக வியர்க்கத் தொடங்கியது. அன்று காலை நான் தொட்டியைத் திறக்கப் போகும்போது அக்கா கடப்பாரையும் கையுமாக நின்றார்.

"ஏன்டா தர்மா, ஒன்னும் தரமாட்டோம்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. இதுக்கு மேல யாருக்காகடா காத்திருக்கணும்? வூட்டுக்கு ஒரு ஆள் வரச் சொல்லு."

நியாயமாகத்தான் பட்டது. மனுவுக்குப் பதில் வராதவரை நம்பிக்கை இருந்தது, நம்பிக்கை இருந்தவரை யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. இப்போது கையெழுத்தோடு, சீலோடு வராது என்று வந்துவிட்டது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார்கள். யாரோ இரண்டு சிமெண்டுக் குழாய் கொண்டுவந்தார்கள். கல் உடைக்கிற தமிழழகன் டிராக்டரில் கல் இறக்கினான். மூன்றே நாளில் பாலம் முடிந்துவிட்டது. வேன் உள்ளே வந்தது, அக்காவின் மூட்டைகள் வெளியே போயின. அக்கா அந்தப் பாலத்தின் மேல் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் காபி போட்டார். பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. விளக்குகளையும் சரிசெய்தோம், சாக்கடையும் தூர்வாரினோம்.

புதன்கிழமை ஜீப் பாலத்தின் மேல் குலுங்காமல் வந்தது. சார் இறங்கிப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஒப்பீடே மாசுபட்டுப் போச்சே! இதை உடனே இடிக்கணும்."

"இடிங்க சார்" என்றார் அக்கா அமைதியாக. "ஆனா இடிக்கிறதும் ஒரு வேலைதானுங்களே? எங்க ஊர்ல அரசாங்க வேலை எதுவும் நடக்கக்கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

சார் தன் ஆணையைத் தானே மூன்று தடவை படித்தார். "அப்ப நீங்களே இடிச்சுடுங்க."

"அதுவும் மாற்றம்தான் சார்" என்றது முத்தமிழ். "ரெண்டு தடவை மாசுபட்ட மாதிரி ஆயிடும்."

சார் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். பாலம் தப்பித்து நின்றது.

இதற்குள் ஆவாரமேட்டில் திட்டங்கள் குவிந்துவிட்டன. புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டி, கல்வெட்டுத் திறந்து, பெரிய பள்ளமும் தோண்டினார்கள். பள்ளத்துக்குப் பிறகு வரவேண்டிய கான்ட்ராக்டர் வேறோர் ஊர்ப் பள்ளத்தில் இருந்தார். சோளம் காயப்போடும் களத்தில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் நட்டார்கள். ஊர்க்காரர்கள் சோளத்தை ரோட்டில் போட்டு, கருவிகளில் புடவை காயவைத்தார்கள். பூங்கா ஒன்று வந்தது. சாவி பெரம்பலூரில் இருந்தது. மற்ற வேலைகளை அவர்களே செய்திருக்கலாம், ஆனால் எல்லாம்தான் அனுமதி ஆகிவிட்டதே, நாம் ஏன் தொடவேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு வருடம் முடிந்து முத்தமிழ் நூற்றுப் பதினான்கு கேள்விகளோடு வீடுவீடாகப் போனது. பாலம், விளக்கு, சாக்கடை, மனநிறைவு என்று எல்லாவற்றிலும் கொளஞ்சிமேடு மேலே, ஆவாரமேடு கீழே. அந்தப் பெண் பயந்துபோய் என்னிடம் சொன்னது: "அண்ணே, அவங்களாவே செஞ்சுக்கிட்டாங்கன்னு அடிக்குறிப்புல எழுதிடறேன்."

எழுதவும் எழுதியது. ஆனால் அலுவலகத்தில் அடிக்குறிப்புப் படிக்கும் பணியிடம் நெடுநாளாகக் காலி. பரணிதரன் சார் முடிவுரையை மட்டும் படித்தார். எதுவும் வழங்காமல் இருப்பதே எல்லாத் திட்டங்களையும்விடச் சிறந்த பலன் தருகிறது என்று மேலே எழுதினார். மேலிடம் அசந்துவிட்டது. சாருக்குப் பதவி உயர்வு வந்தது. 'வழங்காமை வழி ஊரக மேம்பாட்டுச் சிறப்புத் திட்டம்' பிறந்தது. அதற்குத் தனி அலுவலகம், பதினாறு பணியிடங்கள், நீல நிறப் படிவம். ஒன்றும் பெறாமலிருக்க விரும்பும் கிராமங்கள் மூன்று பிரதிகளில் விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் நூறு கிராமங்களின் பட்டியல் வந்த அன்று ஆவாரமேட்டார் சாலை மறியல் செய்தார்கள். "வழங்காதே வழங்காதே, எங்களுக்கும் வழங்காதே!" என்று கோஷம். அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்தும் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்தும் சிபாரிசுக் கடிதத்தோடு ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் தாங்கவில்லை. பட்டியலில் கொளஞ்சிமேட்டின் பெயரே இல்லை!

எல்லாருமாக சார் அறைக்குப் போனோம். "நீங்க ஏற்கனவே மேம்பட்ட கிராமம். தகுதி வரம்பைத் தாண்டிட்டீங்க" என்றார்.

"இந்தத் திட்டமே எங்க ஊர்லதான் சார் பொறந்துச்சு!" என்று நான் கத்தினேன்.

"மனுக் கொடுங்க. பரிசீலிக்கறோம்."

கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு வாங்கினோம். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது.

போன வாரம் ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. ஓடையில் வந்த வெள்ளம் பாலத்துக் குழாய் ஒன்றை உருட்டிவிட்டது. பட்டறையில் இந்த வருட வெங்காயம் முழுசாக இருக்கிறது. பச்சையம்மாள் அக்கா கடப்பாரையோடு வந்து நின்றார்.

"நாலு ஆள் எறங்குங்கடா. ஒரு மணி நேர வேல."

பாலத்தருகே நாற்பது பேர் நின்றோம். யாரும் இறங்கவில்லை. ஊருக்காக நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அவசரப்படாதீங்க அக்கா. மனு பரிசீலனையில இருக்கு. இப்ப நாமளே சரிபண்ணிட்டா இவங்களுக்குத் தேவையில்லன்னு எழுதிப்புடுவாங்க. ஒன்னும் தரமாட்டோம்னு முறையா ஆர்டர் வரட்டும். வந்த அன்னிக்கே எறங்கிடுவோம்."

அக்கா எங்கள் நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு மூட்டையைத் தலையில் தூக்கி வந்து, முழங்கால் தண்ணீரில் தனியாக ஓடையைத் தாண்டத் தொடங்கினார். இன்னும் எழுபது மூட்டை இருக்கிறது.

பார்க்கவே பாவமாக இருந்தது. அக்காவுக்காக இன்னொரு மனு எழுதச் சொல்லியிருக்கிறேன்.