ஒரே ஆபரேஷன், இரண்டு பில்

கிருபானந்தத்தின் மெடிக்கல் பில் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. ஓரத்தில் தெலுங்குக்காரரான ஆபீசர் சிட்டிபாபு சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "அதே ஆஸ்பத்திரி. அதே வாரம். அதே குடலிறக்க ஆபரேஷன். அட்டெண்டர் துலுக்காணத்துக்கு எண்பத்தைந்து ரூபாய். உமக்குத் தொள்ளாயிரத்து நாற்பது. காரணம் கூறவும்."

கிருபானந்தம் உள்ளே போய் நின்றார்.

"ஏமய்யா, உன் வயித்துல மட்டும் தங்கத்துல தையல் போட்டாங்களா?"

"இல்ல சார்."

"மரி? பின்ன ஏன்?"

காரணம் கிருபானந்தத்துக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன் வசதியை விசாரிப்பார்கள். இல்லாதவனுக்குக் குறைவு, இருப்பவனுக்கு அதிகம். திருப்பதி ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆனால் அன்று விசாரித்தவர் இயேசுதாசன். கிருபானந்தத்தின் சபைக்காரர். அவரிடம் செவ்வாய்க்கிழமை சொல்வது ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுவதும் பரவிவிடும்.

"சொத்து?" என்று இயேசுதாசன் கேட்டார்.

"மாந்தோப்பு இருக்கு. எட்டு ஏக்கர்" என்றார் கிருபானந்தம்.

அவருக்கு இருந்தது ஒரு சைக்கிள். வீட்டில் இருந்த மரம் பக்கத்து வீட்டு முருங்கை. அதிலும் ஒரு கிளைதான் இவர் பக்கம்.

மனைவி ஜெபமணியின் நான்கு வளையல்களையும் அடகு வைத்துப் பணம் கட்டினார். அடுத்த மாதம் ஜெபமணியின் தங்கைக்குக் கல்யாணம்.

"வெறுங்கையோட போய் நிக்கணுமா நானு?" என்று ஜெபமணி கேட்டாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு கடுதாசி வாங்கினு வந்தா பில்லு பாஸாயிடும்."

"எட்டு ஏக்கரு வச்சிக்கினு இருக்கறவரு கடுதாசிக்கு ஏன் அலையணும்?"

கிருபானந்தம் பஸ் ஏறினார்.

இயேசுதாசன் எழுந்து நின்று வரவேற்றார். "அண்ணே, உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா இன்னொரு வார்டே கட்டிடலாம்" என்றார். கேட்டவுடன் கடிதம் எழுதி, முத்திரை குத்தி, உறையை ஒட்டிக் கொடுத்தார். உறையைப் பிரிக்காமல் அப்படியே ஆபீசரிடம் கொடுத்துவிட்டார் கிருபானந்தம். தன் நேர்மையை அவரே மெச்சிக்கொண்ட கடைசி நாள் அது.

சிட்டிபாபு படித்தார். பில்லை ஒதுக்கி வைத்தார். கிருபானந்தத்தின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்தார்.

"எட்டு எகரம் மாந்தோப்பு. வாங்கறதுக்கு பர்மிஷன் எங்க? சொத்து லிஸ்ட்ல எங்க?"

"அது என்னுது இல்ல சார்."

"எவரிதி? யாருது?"

"யாருதும் இல்ல சார். சும்மா சொன்னேன்."

"ஆஸ்பத்திரில போய் சும்மா சொன்னியா?"

"இயேசுதாசன் கேட்டாரு சார்."

"இயேசுதாசன் கேட்டா தோப்பு முளைக்குமா? நிலம் இல்லன்னு கரணம் கிட்ட சர்டிபிகேட் கொண்டா. இல்லேன்னா உத்தியோகம் போயிடும்."

கிராமக் கணக்கு பார்க்கும் கரணம் மூன்று நாள் அலையவிட்டு எழுதிக் கொடுத்தார். 'மேற்படியார் பெயரில் ஒரு சென்ட் நிலமும் கிடையாது. பிதுரார்ஜிதமாகவும் வர வாய்ப்பில்லை.' இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை.

சிட்டிபாபுவுக்குத் திருப்தி. "உத்தியோகம் தப்பிச்சிது. இப்போ பில்லு. ஒண்ணும் இல்லாதவனுக்கு அந்த ஆஸ்பத்திரில என்ன ரேட்டு? எண்பத்தஞ்சு. அதைத்தான் கவர்மெண்ட் குடுக்கும். மிச்சம் நீ பேசின பேச்சுக்கு ஆன செலவு."

எண்பத்தைந்து ரூபாயில் ஒரு வளையலைக்கூட மீட்க முடியாது. கிருபானந்தம் சர்டிபிகேட்டோடு மறுபடி பஸ் ஏறினார். அதை இயேசுதாசனிடம் காட்டி மீதியைத் திரும்பக் கேட்டார்.

இயேசுதாசன் அதை இரண்டு முறை படித்தார். அவர் கண் கலங்கியது.

"எப்போண்ணே போச்சு தோப்பு?"

"இப்பத்தான்" என்றார் கிருபானந்தம். அந்த நிலையிலும் வாய் அப்படித்தான் சொன்னது.

"பணம் ஏழைங்க கணக்குல போய்ச் சேந்துடுச்சே. அந்த வாரம் உங்க ஆபீஸ் ஆளு துலுக்காணம் வந்தாரு பாருங்க, அவருக்கெல்லாம் உங்க பணத்துலதாண்ணே ஆபரேஷன் ஆச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், தோப்பை இழந்த சகோதரருக்காகப் போதகர் விசேஷ ஜெபம் செய்தார். சபையே திரும்பிப் பார்த்தது. ஜெபமணி மட்டும் கண்ணை மூடியபடி இருந்தாள். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை ஆபீசில் துலுக்காணம் டீ கொண்டுவந்து வைத்தார். கிருபானந்தத்துக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆறுதல். தான் ஒரு ஏழைக்கு உதவியிருக்கிறோம். அதை அந்த ஏழைக்குத் தெரிவித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"துலுக்காணம், உன் ஆபரேஷன் செலவு என் பணத்துலதான் ஆச்சாம்."

"அப்டிங்களா சார்? நீங்க நல்லா இருக்கணும்."

"இருக்கட்டும். ஒண்ணும் இல்லாதவனுக்குத்தானே செஞ்சேன். ஆமா, உன்னக் கேட்டப்போ நீ இன்னா சொன்ன?"

துலுக்காணம் காலி கிளாஸ்களைத் தட்டில் அடுக்கினார்.

"உள்ளதத்தான் சொன்னேன் சார். பன்னெண்டு ஏக்கரு தோப்பும் சம்சாரம் பேர்ல இருக்குது, என்னுதுன்னு நான் இன்னாத்தச் சொல்றது?"