வேட்டி கிராணியாரின் சுற்றுச்சூழல் கொள்கை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே நாற்றத்தால் பதவி உயர்வு பெற்ற ஒரே மனிதர் எங்கள் வேட்டி கிராணியார்தான். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எழுபதுகளின் கடைசியில் செமோர் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் அவரும் நானும் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். ரப்பர் பாலும் ஆசிட்டும் கலந்த கழிவுநீரை ஆலை அப்படியே ஓடையில் விடும். அதைத் திருத்தச் சொல்லி அரசாங்கம் நெருக்கியது. சுற்றுச்சூழல் கொள்கையும் திட்டமும் எழுதித் தருபவரே அதற்கு அதிகாரி, மின்விசிறியோடு தனி அறை என்றார் மேனேஜர். அந்த அறை எனக்குத்தான் என்று மனைவியிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

ஊரில் இல்லாத ஆங்கிலத்தையெல்லாம் தேடிப் பக்கம் பக்கமாக டைப் அடித்தேன். வேட்டி கிராணியார் கொடுத்தது ஒரே வரி: ‘நாம் விடும் தண்ணீரில் நாமே துவைத்து உடுத்துவோம்.’ திட்டம்? மேனேஜரிலிருந்து தொடங்கி ஆளுக்கொரு வாரம்.

மேனேஜர் சிரித்துத் தள்ளிவிட்டார். மனிதர் விடுவாரா? தன் வெள்ளை வேட்டியை ஓடையில் அலசி, காயவைத்து, கட்டிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். தட்டச்சுக்காரப் பெண் ஜன்னல் பக்கம் ஓடினாள்.

“அண்ணே, வேணாம் லா. வாந்தி வருது” என்றேன்.

“கொள்கைன்னா கட்டிக்கிட்டு நடக்கணும் தம்பி!”

வெள்ளிக்கிழமை அதே கோலத்தில் கோயிலுக்கும் போனார். பூசாரி திருநீற்றை எட்ட நின்று வீசினார். அன்றைய பூஜைக்கு உபயம் செய்து மாலையும் கழுத்துமாக நின்ற மேனேஜருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: “என்ன ஐசே இப்பிடி மணக்குது?”

“நம்ம ஃபேக்டரி தண்ணிதான் சார். அடுத்த வாரம் ஒங்க முறை.”

கூட்டம் முழுக்க மேனேஜரைத் திரும்பிப் பார்த்தது. திங்கட்கிழமையே கழிவுநீர்க் குளம் வெட்ட ஆள் வந்துவிட்டது. அறையும் விசிறியும் வேட்டி கிராணியாருக்கே போயின.

“அவருல்ல மனுசன். நீங்க பேப்பரத்தானே கறுப்பாக்குனீங்க” என்றாள் மனைவி.

சில வருடம் கழித்து கமுந்திங்கில் ஒரு ஆலை அவரைக் கொத்திக்கொண்டு போனது. ஈப்போ பஸ் நிலையத்தில் அவர் பெட்டியை நான்தான் ஏற்றிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“இனி அந்த ரூம்பு ஒனக்குத்தான் தம்பி. இப்ப சந்தோசமா?”

“அந்த ரூம்பு யாருக்கு வேணும்? நீங்க எறங்குங்கண்ணே, வீட்டுக்குப் போலாம்” என்றேன்.